ஃபார்மட்டுக்கு முன்னால்

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "ஃபார்மட் பண்ணிக் குடுங்க, ஆனா உள்ள இருக்கிறது ஒண்ணும் போயிரக் கூடாதுங்க." சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஃபார்மட் என்றால் அழிப்பது. அழியவும் வேண்டும், போகவும் கூடாது. இரண்டும் ஒரே டிஸ்கில் நடக்க வேண்டுமானால், அந்த டிஸ்க்கை யாராவது முன்கூட்டியே ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்க வேண்டும். விண்டோஸும் சாஃப்ட்வேரும் ஒரு பக்கம், ஆளுடைய சொந்தச் சரக்கு இன்னொரு பக்கம். அப்படிப் பிரித்திருந்தால் சி டிரைவை அழித்து ஒரு மணி நேரத்தில் புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிடலாம். பிரிக்காமல் வந்தால், அந்த லேப்டாப்பில் எங்கெங்கே என்னென்ன கிடக்கிறது என்று தேடி எடுப்பதற்கே ஒரு நாள் போகும்.

எங்கள் பகுதியில் லேப்டாப்புக்குள் கிடப்பது பெரும்பாலும் பிழைப்பு. லீ பஜார் மண்டிக் கணக்கு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையின் கொலுசு டிசைன்கள், சேகோ ஆலைக்காரர் வைத்திருக்கும் கிழங்கு லோடு விவரம், நாமக்கல் லாரி ஆபீஸின் எஃப்சி, பெர்மிட், இன்சூரன்ஸ் ஸ்கேன்கள், கோழிப்பண்ணையில் நாள்தோறும் எழுதும் தீவனக் கணக்கும் முட்டைக் கணக்கும். கல்யாண போட்டோ ஸ்டுடியோக்காரரின் லேப்டாப்பில் வேறு வீடுகளின் கல்யாணங்கள் இருக்கும். இவர்களில் யாருக்கும் பார்ட்டிஷன் பற்றித் தெரிந்துகொள்ள நேரமில்லை. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அது என் வேலை. ஆனால் அவர்களிடம் கேட்காமல் அந்த வேலையை ஒருநாளும் சரியாகச் செய்ய முடியாது. எது விண்டோஸின் ஃபைல், எது சாஃப்ட்வேரின் ஃபைல் என்பது எனக்குத் தெரியும். எது இவருடைய உயிர் என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் தொழிலுக்கு வந்தபோது லேப்டாப் வைத்திருந்தவர்கள் குறைவு. அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர்தான் எங்கும். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்குவோம், விண்டோஸ் எக்ஸ்பி போடுவதற்கு முன் அதைச் சரிசமமாக நான்கு துண்டு போடுவோம்: சி, டி, இ, எஃப். ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க் சி-யில் தொடங்கியது. ஐபிஎம் 1983-இல் கொண்டுவந்த எக்ஸ்டி கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் மொத்தமே 10 எம்பி. அந்தக் காலத்துப் பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் சி-யில் விண்டோஸ் போட்டு, டி-க்கு சாஃப்ட்வேர், இ-க்கு சாங்ஸ், எஃப்-க்கு பர்சனல் என்று பெயர் வைப்போம். வீட்டுக்காரர் தன் குழந்தையின் காதுகுத்துப் படங்களைக் கொண்டுபோய் சாங்ஸுக்குள் வைப்பார். நாம் வைத்த பெயருக்கும் அவர் வீட்டுப் புழக்கத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

சரிசமமாகப் பிரிப்பது ஒரு பழக்கமாகவே ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் எதையும் யாரும் யோசித்ததில்லை என்பதுதான் என் எண்ணம். எக்ஸ்பிக்கு 1.5 ஜிபி இருந்தாலே போதும். அதனால் 10 ஜிபி சி டிரைவ் அன்றைக்குத் தாராளம். விண்டோஸ் 7 வந்தபோது 16 அல்லது 20 ஜிபி கேட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. அதற்கு மேல் அப்டேட், அதற்கு மேல் சாஃப்ட்வேர், அதற்கு மேல் சாஃப்ட்வேர் தற்காலிகமாக எழுதுவது. சி-க்குச் சிறிய இடம் கொடுத்துவிட்டால் ஒன்றரை வருடத்தில் கோடு சிவப்பாகிவிடும், பக்கத்தில் டி-யில் 200 ஜிபி காலியாகக் கிடக்கும். "இடம் நிறைய இருக்குதே, ஏனுங்க ஃபுல்னு காட்டுது?" என்று கேட்டு வருபவர்களின் லேப்டாப்பைத் திறந்தால் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கும்.

பிறகு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். 2019 வரைக்குமான கணக்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் போயிருக்கிறது. ராசிபுரம், ஆட்டையாம்பட்டி, வாழப்பாடி, இடைப்பாடி, பள்ளிபாளையம் என்று தறிச்சத்தம் கேட்கிற ஊர்களில் முதல்முறையாக ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். அந்தத் திட்டத்தை நான் இன்றைக்கும் பெரிய மரியாதையோடு பார்க்கிறேன். கடையில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் அந்த லேப்டாப்பைக் கழற்றிப் பூட்டித்தான் கற்றுக்கொண்டார்கள்.

முதல் ஆண்டுகளில் வந்த லேப்டாப்பில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். திறந்து பார்த்தால் 298 என்றுதான் காட்டும். "மீதி 22 ஜிபி எங்கீங்க போச்சு?" என்று பெற்றோர் சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது; அளவு ஒன்றுதான், எண்ணுகிற முறை வேறு. உட்கார வைத்துக் காகிதத்தில் பெருக்கிக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. லேப்டாப்பைப் போட்டதும் எதில் போக வேண்டும் என்று கேட்கும். இரண்டு சிஸ்டம் என்றால் இரண்டு வகைப் பார்ட்டிஷன். லினக்ஸின் பார்ட்டிஷனை விண்டோஸால் படிக்க முடியாது. அதனால் அதற்கு எழுத்தும் கொடுக்காது, மை கம்ப்யூட்டரிலும் காட்டாது. டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து பார்க்கிற ஆர்வமுள்ள பிள்ளைக்கு மட்டும், பெயரில்லாத ஒரு கட்டம் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதாகத் தெரியும். ஆர்வமுள்ள பிள்ளை அதை அழிக்கும். ரீஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி நிற்கும். அதற்கு மேல் ஒன்றும் நகராது.

நடந்தது இதுதான். லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற சின்ன நிரலின் முதல் துண்டு டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கும். மீதித் துண்டுகள் பாஸ் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டால் முதல் துண்டு தன் மீதியைத் தேடும், கிடைக்காமல் நின்றுவிடும். விண்டோஸ் அப்படியே இருக்கிறது, படங்களும் அப்படியே இருக்கின்றன. வாசல் மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். எஞ்சினீயரிங் கடைசி வருடம். இன்னொரு கடையில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா தறி ஓட்டுகிறவர். பையில் மடித்து வைத்திருந்த பணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னம்மா பண்ணினே, கடைசியா?"

"பேரில்லாம ஒண்ணு இருந்துச்சுங்கண்ணா. சும்மாதானே கிடக்குதுன்னு டெலீட் பண்ணினேன். டி-ல இடம் பத்தலை."

"டி-ய தொட்டியா?"

"இல்லீங்கண்ணா. புராஜெக்ட் ரிப்போர்ட் பூரா அதுலதான் இருக்குது. நாளைக்கழிச்சு ரிவ்யூங்க."

பென் டிரைவில் வைத்திருக்கும் லினக்ஸைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். டி டிரைவ் அப்படியே இருந்தது. அவள் வைத்திருந்த ஃபோல்டரை அவளையே திறக்கச் சொன்னேன். ரிப்போர்ட் திறந்தது. முதலில் அதை இன்னொரு பென் டிரைவில் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அது கைக்குப் போகும்வரை மேற்கொண்டு ஒரு கட்டளையும் அடிப்பதில்லை என்பது கடையின் சட்டம். பிறகு விண்டோஸ் டிவிடியைப் போட்டு, தொடக்கத் துண்டைச் சரிசெய்யும் ஒரு கட்டளை. ஐந்து நிமிடத்தில் விண்டோஸ் திறந்தது. அப்பாவிடம் ஹார்ட் டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை என்று சொன்னபோது, அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். சொந்த ஃபைல்களைத் தனிப் பார்ட்டிஷனில் வைப்பதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், இந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்வேன். விண்டோஸ் நின்றுபோனாலும் அவள் வேலை நிற்கவில்லை.

பழைய டிஸ்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. எம்பிஆர் என்கிற பழைய முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கும். அதில் 446 பைட் தொடங்கிவைக்கும் நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட், ஆக நான்குதான். ஐந்தாவது வேண்டுமென்றால் நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் பிரிக்க வேண்டும். இது தெரியாமல் டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஐந்தாவது கேட்டால், டிஸ்க்கை டைனமிக் ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். எல்லாரும் 'யெஸ்' அழுத்துவார்கள். மாற்றுவது சுலபம், டேட்டா போகாமல் திரும்பி வருவதற்கு விண்டோஸிலேயே வழி கிடையாது. பக்கத்தில் இருக்கும் லினக்ஸும் அதற்கப்புறம் திறக்காது. அந்தக் கேள்வி வந்தால் 'நோ' சொல்லிவிட்டுப் போன் பண்ணும்படி வாடிக்கையாளர்களிடம் இன்றைக்கும் சொல்கிறேன்.

அந்த 16 பைட்டால் நல்லதும் நடந்திருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு பார்ட்டிஷனை அழித்தால், உண்மையில் அட்டவணையில் அந்த ஒரு வரிதான் அழிகிறது. உள்ளே இருந்த நூறு ஜிபியும் தட்டின்மேல் அப்படியே இருக்கும், அதன்மேல் வேறு எதையும் எழுதாத வரைக்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல், டிஸ்க்கை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்து, எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடித்து அந்த வரியை மறுபடி எழுதிவிடும். அழித்துவிட்டுப் பயந்து உடனே மூடிக் கொண்டுவந்தவர்களுக்கு அநேகமாக எல்லாமே திரும்பக் கிடைத்தது. அழித்த இடத்தில் புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டு, அதில் ரெண்டு படம் காப்பி பண்ணிப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது.

இப்போது மறுபடி பழைய கேள்விக்கு வருகிறேன்: உங்கள் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன? நாமக்கல் லாரி ஆபீஸ்காரர் ஒருவர் சொன்னார்: "சி-லயும் இல்ல, டி-லயும் இல்லீங்க. டெஸ்க்டாப்ல இருக்குது." அவர் சொன்னது அவர் கண்ணுக்குப் பட்டது. லேப்டாப்பைத் திறந்ததும் தெரிகிற அந்தத் திரை தனி இடம் என்று நினைக்கிறார். உண்மையில் டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள், அவர் பெயருள்ள ஃபோல்டருக்குள் இருக்கிற இன்னொரு ஃபோல்டர். டாக்குமெண்ட்ஸும், டவுன்லோட்ஸும் அதே இடம்தான். நாற்பது வண்டிகளின் பேப்பரும் அந்தத் திரையில் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. பின்னணியில் இருந்த சாமி படமே தெரியவில்லை. டி டிரைவ் என்று ஒன்று தனியாக, காலியாக இருந்தது. பார்ட்டிஷன் போட்டவர் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் எதை வைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதைத் திருத்துவதற்கு ஃபைல்களை வெட்டி டி-யில் ஒட்டினால் போதாது. அடுத்த நாள் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் இன்சூரன்ஸ் காப்பி மறுபடி டெஸ்க்டாப்பில்தான் போய் உட்காரும். பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட, பழக்கம் போகிற இடத்தை மாற்றுவது நல்லது. டெஸ்க்டாப் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் லொக்கேஷன் என்ற தாவல். அங்கே டி-யில் ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், திரையில் எல்லாம் அதே இடத்தில் தெரியும், ஆனால் எழுதப்படுவது டி-யில். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாவற்றுக்கும் இதையே செய்யலாம். ஒரு எச்சரிக்கை: முதலில் டி-க்குள் டெஸ்க்டாப் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கிவிட்டு அதைக் காட்ட வேண்டும். அவசரத்தில் டி டிரைவையே காட்டிவிட்டால் டி-யில் இருக்கிற அத்தனையும் திரையில் கொட்டும், அதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு. புது விண்டோஸில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் பல நேரம் ஒன்டிரைவுக்குள் போய்விடுகின்றன. அங்கே இலவசம் 5 ஜிபிதான். கல்யாண ஆல்பம் ஒன்றைப் போட்டாலே நிரம்பிவிடும்.

கணக்குப்பிள்ளைகளின் லேப்டாப் என்றால் நான் முதலில் தேடுவது டாலி டேட்டா. இன்ஸ்டால் பண்ணும்போது யாரும் மாற்றிச் சொல்லவில்லை என்றால், டாலி இஆர்பி 9 தன் டேட்டாவைச் சி-யிலேயே தன் ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்ளும். டாலி பிரைம், பப்ளிக் என்ற பயனர் ஃபோல்டருக்குள் வைக்கும், அதுவும் சி-தான். உள்ளே கம்பெனியின் பெயர் இருக்காது, 10000, 10001 என்று எண்கள்தான் ஃபோல்டர்களாக இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு ஏதோ சிஸ்டம் ஃபைல் போலத் தெரியும். மூன்று வருட ஜிஎஸ்டி கணக்கு அந்த எண்ணுக்குள் இருக்கும். "பேக்கப் எடுத்துட்டுத்தானுங்க வந்தேன்" என்று ஒருவர் பென் டிரைவை நீட்டுவார். போட்டுப் பார்த்தால் டெஸ்க்டாப்பிலிருந்த டாலி ஐக்கானைக் காப்பி பண்ணியிருப்பார். அது ஷார்ட்கட், இரண்டு கேபி. உண்மையான டேட்டா இன்னும் சி-யில் இருக்கும். இதனால்தான் வாடிக்கையாளர் பேக்கப் இருக்கிறது என்று சொன்னாலும் அந்தப் பேக்கப்பை என் கண்முன் திறந்து காட்டச் சொல்கிறேன்.

டிடிபி கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியது ஃபான்ட். பத்திரிகை அடிக்கிறவர்கள், ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணுகிறவர்களிடம் வருடக்கணக்காகச் சேர்த்த தமிழ் ஃபான்ட்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அது முழுக்கச் சிஸ்டத்தின் இடம், ஃபார்மட்டில் போய்விடும். ஆனால் அவை இல்லாமல் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்களைத் திறந்தால் ஒரு எழுத்தும் படிக்க வராது. போட்டோ ஸ்டுடியோக்காரர்களிடம், ஃபோட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் இடத்தைக் கேட்பேன். அது மாற்றாவிட்டால் சி-யில்தான் எழுதும்; நாற்பது பக்க ஆல்பம் ஒன்றைத் திறந்து வைத்தாலே பல ஜிபி விழுங்கிவிடும். அதை மட்டும் டி-க்கு மாற்றிக் கொடுத்தாலே பாதிப் பேருக்குப் பார்ட்டிஷனைத் தொட வேண்டிய வேலையே இல்லாமல் போகும்.

தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அளவை மாற்றுவதில் நிதானம் வேண்டும். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் 'ஷ்ரிங்க்' வசதி இருக்கிறது. சி-யில் 150 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 40 ஜிபிதான் குறைக்க முடியும் என்று சொல்லும். நடுவில் நகர்த்த முடியாத ஃபைல்கள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்: மெமரிக்குத் துணையாக இருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயிண்ட்கள், டிஸ்கின் பட்டியலே ஆன எம்எஃப்டி. முதல் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் பண்ணிக் குறைத்தால் பெரும்பாலும் கேட்ட இடம் கிடைக்கும். பெரிதாக்குவதுதான் சிக்கல். விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனை அதன் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்துக்குள்தான் நீட்டும். டி-யைக் குறைத்தால் காலி இடம் டி-யின் வலப்பக்கம் விழும்; சி-க்கு அது எட்டாது. தனி நிரல் வைத்து டி-யை வலப்பக்கம் தள்ளலாம். ஆனால் காட்டின் நடுவில் வரப்பை நகர்த்துவது வேறு, நின்ற பயிரோடு காட்டையே நகர்த்துவது வேறு. டி-யில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் எடுத்து வேறு இடத்தில் எழுத வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் அதற்கு மணிக்கணக்காகும்.

2012-இல் எங்கள் மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. அந்த வருடம் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் பார்ட்டிஷன் நகர்த்தும் வேலையையே நான் எடுக்கவில்லை. நடுவில் நின்றால் பாதி பழைய இடத்திலும் பாதி புது இடத்திலும் கிடக்கும், எந்த நிரலாலும் அதைப் பொருத்த முடியாது. லேப்டாப்பாக இருந்தால் பேட்டரி உண்மையிலேயே எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். டேட்டாவை வெளி டிஸ்கில் எடுத்துவைத்து, டி-யை அழித்து, அளவை மாற்றி, திரும்ப வைப்பதுதான் எப்போதும் வேகமானது, பாதுகாப்பானதும் அதுவே.

இப்போது வரும் லேப்டாப்பில் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்தால், பிரிக்காமலே மூன்று நான்கு கட்டங்கள் தெரியும். 100 எம்பி அளவில் ஒன்று இஎஃப்ஐ. லேப்டாப் தொடங்குவதே அதிலிருந்துதான். கடைசியில் சில நூறு எம்பிக்கு ரெகவரி. விண்டோஸ் தடுமாறும்போது தன்னைத் தானே சரிசெய்ய அதைத் தேடும். சிறியதாக இருக்கிறது, பெயரில்லாமல் இருக்கிறது என்று இவற்றை அழிக்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அழித்தாலும் அரை ஜிபிகூட மிச்சமாகாது. ஜிபிடி என்கிற இந்தப் புது முறையில் நான்கு என்ற கட்டுப்பாடு இல்லை, விண்டோஸில் 128 வரை போகலாம். அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கிறது. பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் டிஸ்கே தெரியாது, இதில் அந்தத் தடையும் இல்லை.

128 வரை பிரிக்க முடியும் என்பதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்கில் தட்டின் வெளிவட்டம் வேகமானது, முதல் பார்ட்டிஷன் அங்கே விழும், அதனால் விண்டோஸ் வேகமாகத் திறக்கும் என்று ஒரு காரணம் அன்று இருந்தது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை. இப்போது என் கணக்கு இப்படி: 256 ஜிபி என்றால் பிரிக்காதீர்கள், ஒரே சி, அதில் சொந்த ஃபைல்களுக்கு ஒரே ஒரு தலைமை ஃபோல்டர். 512 என்றால் சி-க்கு 200 கொடுத்து மீதி டி. 1 டிபி என்றால் சி-க்கு 300. மூன்றாவதாக ஒன்று கேட்பவரிடம் அதில் என்ன வைப்பீர்கள் என்று கேட்பேன். பதில் உடனே வந்தால் போட்டுக் கொடுப்பேன். யோசித்தால் போடுவதில்லை.

எஸ்எஸ்டி வந்தபின் கவலை ஒன்று கூடியிருக்கிறது. அழித்த பார்ட்டிஷனை மீட்பது பற்றி மேலே சொன்னது பழைய ஹார்ட் டிஸ்குக்கு. எஸ்எஸ்டியில் ஃபார்மட் அடித்த உடனே, இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் டிஸ்குக்கு ட்ரிம் என்ற கட்டளை அனுப்பிவிடும். டிஸ்க்கும் துடைக்கத் தொடங்கிவிடும். தவறான டிரைவை ஃபார்மட் பண்ணிவிட்டு அடுத்த நிமிடம் ஓடி வந்தாலும் கையை விரிப்பதைத் தவிர வழியில்லை. கூடவே பிட்லாக்கர். விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனதும் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி அந்தக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கோ, லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்கு உண்டாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகமில்லை. சாவி இல்லையென்றால் சி-யும் போச்சு, பூட்டப்பட்ட டி-யும் போச்சு. அதனால் புது லேப்டாப் எந்த வேலைக்கு வந்தாலும் முதலில் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி உரிமையாளரிடம் கொடுக்கிறோம், பீரோவில் பத்திரங்களோடு வைக்கச் சொல்லி.

பார்ட்டிஷன் பிரித்திருப்பதைப் பேக்கப் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. டி-யில் இருப்பதையே எஃப்-இலும் ஒரு காப்பி போட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறைய. இரண்டும் ஒரே டிஸ்க். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட இந்தியா முழுக்கப் போகின்றன. கூடப் போகும் மேனேஜரின் லேப்டாப்பில்தான் எத்தனை அடி, எத்தனை கேசிங் பைப், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. ஹார்ட் டிஸ்கின் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். காட்டுத் தடத்தில் லாரி குலுங்கும்போது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் ஹெட் தட்டில் உரசும். அப்போது சி, டி, எஃப் மூன்றும் ஒன்றாகப் போகும். ரிக்காரர்களை ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றுவதற்குத்தான் நான் அதிகம் வாதாடியிருக்கிறேன்.

2017 மே மாதம் வான்னாகிரை உலகம் முழுக்கப் பரவியபோது எல்லாரும் செய்தியில் பார்த்தார்கள். அந்த வகை ரான்சம்வேர் அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. மண்டிக்காரர் ஒருவரின் பில்லிங் கம்ப்யூட்டரில் நுழைந்தது, சி-யைப் பூட்டி, டி-யைப் பூட்டி, அந்நேரம் செருகியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் பூட்டியது. எழுத்து இருக்கிற எந்த டிரைவும் அதற்கு ஒன்றுதான். அவருக்கு மிஞ்சியது, ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி தாக்கலுக்காக முந்தைய மாதம் கொடுத்துவிட்டு வந்த டாலி காப்பி. அதை வைத்து இருபது நாள் பில்களை மறுபடி பதிந்து தொழிலை நிமிர்த்தினார். அன்றிலிருந்து வாராவாரம் காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். கழற்றுவதுதான் அதில் முக்கியம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதையொட்டிக் கடையில் வந்து குவிந்த லேப்டாப்களில் எங்கள் கையால் பிரித்தவை எவை என்பது மூடித் திருப்பினாலே தெரியும். பேட்டரிப் பக்கம் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவது வழக்கம்: சி-யில் விண்டோஸ், சாஃப்ட்வேர் மட்டும்; டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டாலி டேட்டா டி-யில்; ஃபான்ட் காப்பி டி-யில்; கடைசி பேக்கப் தேதி எழுத ஒரு காலி இடம். மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் லேப்டாப்பை மேசையில் வைத்து, சீட்டை அவரே படித்தார்.

"சி-ய மட்டும் அழிச்சுக்கங்க தம்பி. டி-ல கை வைக்க வேண்டாம். பேக்கப் ஞாயித்துக்கிழமை எடுத்தது, வீட்டுல இருக்குது. சாவி எழுதின காகிதம் இந்தாங்க."

நான் டாலி ஃபோல்டரைத் திறந்து கடைசிப் பதிவின் தேதியை மட்டும் அவரிடம் காட்டினேன். சனிக்கிழமை என்றிருந்தது. சரிதான் என்றார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு வேலைகளையும் முடித்துவிட்டுத் திரும்பும்போது விண்டோஸ் 11 போட்டு, டெஸ்க்டாப்பின் லொக்கேஷனை டி-க்குத் திருப்பி, பிரிண்டரையும் இணைத்து வைத்திருந்தேன்.